எலக்ட்ரிக் ஷவருக்கு எத்தனை ஸ்கொயர் வயர் போடணும்? வேலூர் வெயிலுக்கு ஏத்த கணக்கு, ஸ்டெப் பை ஸ்டெப்

பாத்ரூம்ல இன்ஸ்டன்ட் ஹீட்டரோ எலக்ட்ரிக் ஷவரோ மாட்டணும்னு நினைக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க, சிஎம்சி, விஐடின்னு வேலைக்கு வந்து வாடகை வீட்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் ஆவும். எங்க வீட்டுக்கு மாட்டணும்னு கேட்டப்போ கடைக்காரர் ரெண்டரை ஸ்கொயர் (வயர் தடிமன், சதுர மில்லிமீட்டர் கணக்குல) போதும்னாரு, எலக்ட்ரீசியன் இருக்கிற பவர் பிளக் லைன்லயே இழுத்துக்கலாம்னாரு, சொந்தக்காரர் ஒருத்தர் பத்து ஸ்கொயர் இல்லாம தொடவே தொடாதேன்னாரு. மூணு பேரும் ஹீட்டர் எத்தனை வாட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதைக் கேக்காம யார் எந்த சைஸ் சொன்னாலும் அது வெறும் யூகம் தான், அந்த யூகத்துல தான் சுவத்துக்குள்ள வயர் கருகுது.

கணக்கு மட்டும் நீங்க போடுங்க, வயர் இழுக்கிறதும் கனெக்ஷன் குடுக்கிறதும் வயர்மேன் சர்டிஃபிகேட் இருக்கிற ஆள் செய்யட்டும். ஈரமான இடத்துல ஓடுற அதிக கரண்ட் இது, வீடியோ பாத்துட்டு நாமளே கை வைக்கிற வேலை இல்ல.

1. முதல்ல வாட்டை முடிவு பண்ணுங்க

இங்க்லாந்து மாதிரி குளிர் ஊர்ல எலக்ட்ரிக் ஷவர்னா 8.5, 9.5, 10.5 கிலோவாட்னு இருக்கும், அங்க குழாய்ல வர்ற தண்ணியே ஐஸ் மாதிரி இருக்கிறதால அவ்ளோ வேணும், அதுக்குத் தான் 10 ஸ்கொயர் கேபிள். நெட்ல தேடினா வர்ற பாதி கணக்கு அந்த ஊரோடது. நம்ம ஊர்ல மார்கழி காலையில கூட மாடி டேங்க் தண்ணி அவ்ளோ சில்லுனு ஆவறது இல்ல, 15 டிகிரி ஏத்தினா குளிக்கிற சூடு வந்துடும்.

3 கிலோவாட் ஹீட்டர் 15 டிகிரி ஏத்தி நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2.9 லிட்டர் தரும், 4.5 கிலோவாட் 4.3 லிட்டர் தரும். பக்கெட்ல புடிச்சு குளிக்கிறவங்களுக்கு 3 கிலோவாட் தாராளம். ஷவருக்கு அடியில நின்னே குளிக்கணும்னா 4.5. அதுக்கு மேல 5.5, 7.5னு ஆன்லைன்ல பாத்துட்டு ஆர்டர் போட்டுடாதீங்க, தண்ணி கொஞ்சம் வேகமா வரும், ஆனா வயர், எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழுற ஸ்விட்ச்), இபி லோடு எல்லாமே பெருசாக்க வேண்டி வரும். 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர்னா 15 லிட்டர் சூடாக 20 நிமிஷம் கிட்ட காத்திருக்கணும், ஆனா வயரிங் செலவு ரொம்ப கம்மி. வாடகை வீடுன்னா என் ஓட்டு இதுக்குத் தான்.

கல்ஃப்ல இருந்தோ லண்டன்ல இருந்தோ யாராவது ஷவர் யூனிட் கொண்டு வந்து குடுத்தா நேம் பிளேட்டைப் படிக்காம மாட்டாதீங்க.

2. வாட்டை ஆம்ப்ஸா மாத்துங்க

வாட்டை 230ஆல, அதாவது நம்ம வீட்டு வோல்டேஜால வகுத்தா ஆம்ப்ஸ், அவ்ளோ தான். 2000 வாட்னா 8.7 ஆம்ப்ஸ், 3000னா 13, 4500னா 19.6, 5500னா 24, 7500னா 32.6. வாட்டை அட்டைப் பெட்டில பாக்காதீங்க, ஹீட்டர் உடம்புல ஒட்டியிருக்கிற நேம் பிளேட்ல பாருங்க, ஒரே மாடல் 3 லயும் 4.5 லயும் வரும், பெட்டி ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். நேம் பிளேட்டை போட்டோ எடுத்து வெச்சிக்கோங்க, வயர்மேன், கடைக்காரர், இபி ஆபீஸ் எல்லாருக்கும் காட்ட ஆவும்.

ஹீட்டர்ல இருக்கிறது வெறும் காயில், அதனால வோல்டேஜ் ஏறினா கரண்டும் ஏறும். ராத்திரி லோடு கம்மியா இருக்கிறப்போ 250 வோல்ட் வந்துச்சுன்னா அந்த 3 கிலோவாட் ஹீட்டர் 13க்கு பதிலா 14 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும். கணக்கை நூல் பிடிச்ச மாதிரி ஓரத்துல நிறுத்தாம கொஞ்சம் இடம் விடணும்னு சொல்றது இதனால தான்.

3. வயர் சைஸ்: கேட்லாக் நம்பரை அப்படியே நம்பாதீங்க

சுவத்துக்குள்ள வயருக்குன்னு பதிக்கிற பைப்புல ஃபேஸ், நியூட்ரல் ரெண்டு காப்பர் வயர் ஓடுறப்போ தாங்குற கரண்ட் சுமாரா இது, கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும்:

1.5 ஸ்கொயர்: 14 முதல் 16 ஆம்ப்ஸ்
2.5 ஸ்கொயர்: 19 முதல் 22
4 ஸ்கொயர்: 26 முதல் 29
6 ஸ்கொயர்: 33 முதல் 37
10 ஸ்கொயர்: 45 முதல் 51

இதைப் பாத்துட்டு "4.5 கிலோவாட்டுக்கு 19.6 தானே, ரெண்டரையே 22 தாங்குதே"ன்னு சொல்றவங்க நிறைய பேர். அங்க தான் மாட்டிக்குவோம். இந்த நம்பர் எல்லாம் வயரைச் சுத்தி 40 டிகிரி வெப்பம்னு வெச்சு போட்டது. வேலூர்ல சித்திரை, வைகாசில வெளிய நிழல்லயே 40 தாண்டுது, மொட்டை மாடி கான்கிரீட்டுக்குள்ள ஓடுற பைப் அதை விட சூடா இருக்கும். சாதா பிவிசி வயரோட காப்பர் 70 டிகிரிக்கு மேல போகக் கூடாது. சுத்தி 45 டிகிரின்னா தாங்குற கரண்டை 0.91ஆல பெருக்கணும், 50 டிகிரின்னா 0.82ஆல. அதே பைப்புல வேற ஒரு லோடு லைன், ஏசி லைன் மாதிரி, கூட ஓடுதுன்னா இன்னொரு 0.8. மூணு லைன்னா 0.7.

50 டிகிரிக்குப் போட்டுப் பாருங்க. 2.5 ஸ்கொயர் 15.5லேர்ந்து 18க்கு இறங்கிடுச்சு. 4 ஸ்கொயர் 21லேர்ந்து 24, 6 ஸ்கொயர் 27லேர்ந்து 30. அப்படிப் பாத்தா நம்ம ஊருக்கு நான் சொல்ற அளவு:

2 கிலோவாட்: 2.5 ஸ்கொயர்
3 கிலோவாட்: 4 ஸ்கொயர்
4.5 கிலோவாட்: 6 ஸ்கொயர்
5.5, 7.5 கிலோவாட்: 10 ஸ்கொயர், அதுவும் தனி பைப்புல

கோடையில யார் சுடு தண்ணி போடப் போறாங்கன்னு கேப்பீங்க. கைக்குழந்தை இருக்கிற வீடு, ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, வயசானவங்க இருக்கிற வீட்ல மே மாசமும் போடுவாங்க. அதுவுமில்லாம வயர் ஒரு தடவை உள்ள போச்சுன்னா இருபது வருஷம் அங்க தான் இருக்கப் போவுது, ஹீட்டர் மாறும், ஆள் மாறும்.

பழைய வீடுன்னா இன்னொரு விஷயம். கொசப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் பழைய வீடுகள்ல வயரை இன்னமும் 3/20, 7/20னு சொல்லுவாங்க. கம்பி எண்ணிக்கையும் கேஜும் சேர்ந்த கணக்கு அது. 3/22 கிட்டத்தட்ட 1.2 ஸ்கொயர், 3/20 கிட்டத்தட்ட 2, 7/22 2.8, 7/20 4.6. "3/20 தான் சார் ரெண்டரை"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வயர் முனையை சீவிப் பாத்து உள்ள வெள்ளையா இருந்தா பெரும்பாலும் அலுமினியம் தான், பழைய காப்பர்லயும் ஈயம் பூசினது உண்டு, அதை வயர்மேன் சுரண்டிப் பாத்தா தெரிஞ்சிடும். அலுமினியம்னா அந்த லைனை ஹீட்டருக்கு நினைக்கவே வேணாம், புதுசா இழுங்க.

4. தூரம்

இபி மீட்டர் பக்கத்துல இருக்கிற பாத்ரூம்னா இதை விட்டுடலாம். மீட்டர் கீழ, பாத்ரூம் ரெண்டாவது மாடி பின்பக்கம்னா பாக்கணும். ஒரு ஆம்ப் ஒரு மீட்டர் போனா, போக வர சேத்து 2.5 ஸ்கொயர்ல 18 மில்லிவோல்ட் குறையும், 4 ஸ்கொயர்ல 11, 6 ஸ்கொயர்ல 7.3. அதாவது 4.5 கிலோவாட் ஹீட்டர் 25 மீட்டர் தள்ளி 6 ஸ்கொயர்ல ஓடினா 7.3 × 20 × 25, 3650 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 3.7 வோல்ட். 7 வோல்ட்டுக்குள்ள இருந்தா எனக்கு ஓகே. அதைத் தாண்டினா ஒரு சைஸ் ஏத்திக்கோங்க. பைப் மேல ஏறி, ஸ்லாப்ல போய், திரும்ப கீழ இறங்கும், அதையும் சேத்து அளக்கணும், தரையில டேப் வெச்சு நேரா அளந்தா கம்மியா தான் வரும்.

5. எம்சிபி: வயரைக் காப்பாத்த வெச்சது அது

இந்த ஒரு பாயிண்ட் மட்டும் ஞாபகம் இருந்தா கூட போதும். ஹீட்டர் இழுக்கிற ஆம்ப்ஸை விட எம்சிபி பெருசா இருக்கணும், எம்சிபியை விட வயர் தாங்குறது பெருசா இருக்கணும். இந்த வரிசை மாறவே கூடாது.

3 கிலோவாட்: 13 ஆம்ப்ஸ், 16 எம்சிபி, 4 ஸ்கொயர். 4.5 கிலோவாட்: 19.6 ஆம்ப்ஸ், 25 எம்சிபி, 6 ஸ்கொயர். 20 ஆம்ப் எம்சிபி போட்டா வெயில்ல சூடாகி சும்மா சும்மா விழும், அதனால 25.

நடக்கிறது என்னன்னா, ஏற்கனவே இருக்கிற பவர் பிளக் லைன்ல 4.5 கிலோவாட் ஹீட்டரை மாட்டுவாங்க, 16 எம்சிபி விழும், உடனே "இன்னா சார், சின்ன எம்சிபி போட்டு வெச்சிருக்காங்க, 32 போட்டா விழாது"ன்னு மாத்திட்டுப் போயிடுவாங்க. எங்க தெருவுலயே ஒரு வீட்ல இதான் நடந்துச்சு. விழாது தான், ஏன்னா இப்ப எம்சிபிக்கு முன்னாடி வயர் வெந்துடும். எம்சிபி விழுந்தா லோடு அதிகமா, எங்கயாவது ஸ்க்ரூ லூஸா, ஹீட்டர் ஃபால்ட்டான்னு தான் பாக்கணும். வயரை மாத்தாம எம்சிபியை மட்டும் பெருசாக்குற ஆளை அந்த இடத்துலயே நிறுத்துங்க, மரியாதையா "அண்ணா, வயர் எத்தனை ஸ்கொயர் ஓடுது, அதை முதல்ல காட்டுங்க"ன்னு கேளுங்க.

ஹீட்டர் லைன் டிபியில (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) இருந்து நேரா தனியா வரணும். கிச்சன் பவர் பிளக்ல இருந்து லூப் எடுத்து வர்றது, வாஷிங் மெஷின் பாயிண்ட்ல இருந்து இழுக்கிறது எல்லாம் வேணாம். 3 கிலோவாட் வரைக்கும் நல்ல 16 ஆம்ப் பிளக், சாக்கெட் தாங்கும். 4.5க்கு பிளக் டாப்பே கூடாது, ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேத்து கட் பண்ற 32 ஆம்ப் டபுள் போல் ஸ்விட்ச்ல இருந்து நேரா ஹீட்டருக்கு கனெக்ஷன். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியில, இண்டிகேட்டர் லைட்டோட இருக்கட்டும்.

6. எர்த்தும் ஆர்சிசிபியும்

எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆளைக் காப்பாத்துறது 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, கரண்ட் லீக் ஆனா உடனே கட் பண்ற ஸ்விட்ச் அது. நம்ம பக்கம் போர் தண்ணில உப்பு அதிகம், ஹீட்டர் காயில் மேல வெள்ளையா படிஞ்சு, உள்ள சூடு வெளிய போக முடியாம காயில் உறை வெடிச்சிடும், அப்புறம் தண்ணியிலயே கரண்ட் லீக் ஆவும். உப்புத் தண்ணி வர்ற ஊர்ல ஆர்சிசிபி இல்லாம ஹீட்டர் போடுறதை என்னால ஒத்துக்கவே முடியாது. டிபியில ஏற்கனவே 40 ஆம்ப், 30 மில்லிஆம்ப்னு போட்ட ஆர்சிசிபி இருந்தா சரி, இல்லன்னா இந்த லைனுக்கு மட்டும் எம்சிபி, ஆர்சிசிபி ரெண்டும் சேந்த ஆர்சிபிஓ ஒண்ணு போட்டுக்கலாம். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க, விழணும்.

ஆனா அந்த பட்டன் எர்த் நல்லா இருக்குன்னு சொல்லாது, அது தனி. எர்த் வயர் ஃபேஸ் என்ன சைஸோ அதே சைஸ், பச்சை கலர், டிபி வரைக்கும், அங்கிருந்து எர்த் பிட் (மண்ணுக்குள்ள எர்த் இறக்கியிருக்கிற குழி) வரைக்கும் தொடர்ச்சியா போகணும். பழைய வீட்ல எர்த் பிட்டே இருக்காது, இல்ல காஞ்சு கிடக்கும். கோடையில நிலம் வறண்டா எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறும், பிட்ல அப்பப்ப ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும்.

ரொம்ப ஆபத்தான குறுக்கு வழி ஒண்ணு இருக்குது: எர்த் இல்லாத வீட்ல, சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயர் போட்டு சேத்து விட்டுடுவாங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்துச்சுன்னா ஹீட்டர் உடம்பு முழுக்க கரண்ட். வேலை முடிஞ்சதும் சாக்கெட்டையோ டெர்மினலையோ திறந்து காட்டச் சொல்லி இந்தத் துண்டு இல்லன்னு உங்க கண்ணால பாருங்க.

7. வீட்டு மொத்த லோடு, பேப்பர் வேலை

ஹீட்டர் 13, ஒன்றரை டன் ஏசி 8, ஒரு எச்பி மோட்டார் 6, அயர்ன் பாக்ஸ் 4.5. கூட்டினா 31 ஆம்ப்ஸ் தாண்டுது. மெயின் 32ன்னா ஓரத்துல நிக்குது. மீட்டர்ல இருந்து டிபிக்கு வர்ற வயரே 4 ஸ்கொயர்னா பாத்ரூமுக்கு 6 இழுத்து பிரயோஜனம் இல்ல, முதல்ல மெயினை மாத்தணும்.

இபி கார்டுலயோ பில்லுலயோ சாங்ஷன்ட் லோடு, அதாவது உங்க வீட்டுக்கு அனுமதிச்ச லோடு, எத்தனை கிலோவாட்னு இருக்கும், அதைப் பாருங்க. பத்தலன்னா கூடுதல் லோடுக்கு அப்ளை பண்ணணும், கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல தான் போகும். வாடகை வீட்ல இருக்கிறவங்க ஓனர் கிட்ட எழுத்துல, குறைஞ்சது வாட்ஸ்அப் மெசேஜ்லயாவது சம்மதம் வாங்கிக்கோங்க. வயர் இழுத்த செலவு யாரோடது, காலி பண்றப்போ எம்சிபி, வயர் யாருக்குன்னு அதுலயே பேசிடுங்க, அட்வான்ஸ் திருப்பித் தர்ற நேரத்துல இது தான் சண்டையாவுது. கையில இருக்க வேண்டியது: சர்வீஸ் நம்பர், கடைசி பில், நேம் பிளேட் போட்டோ, ஹீட்டர் வாரண்டி கார்டு, வயர் வாங்கின ஜிஎஸ்டி பில்.

8. வாங்குறது, செலவு

வயர்ல ஐஎஸ்ஐ மார்க், ஐஎஸ் 694 நம்பர், சைஸ் எல்லாம் வயர் மேலயே மீட்டருக்கு மீட்டர் அச்சடிச்சிருக்கும். எஃப்ஆர் எல்எஸ்எச்னு போட்டது தீ பிடிச்சா புகை கம்மியா வரும், கொஞ்சம் தான் கூடுதல் விலை, அதை எடுங்க. டூப்ளிகேட் நிறைய சுத்துது. முழு வயர் காயில் (சுருள்) வாங்கினா தராசுல வைக்கச் சொல்லுங்க: 90 மீட்டர் 4 ஸ்கொயர் காயில்ல செம்பு மட்டுமே 3 கிலோவுக்கு மேல வரணும், 2.5 ஸ்கொயர்ல 2 கிலோ கிட்ட, மேல பிளாஸ்டிக் எடை தனி. 4 ஸ்கொயர்னு குடுத்த காயில் மொத்தமே 3 கிலோ கூட இல்லன்னா அப்படியே திருப்பிக் குடுங்க.

ஒரு ஹீட்டருக்கு முழு காயில் தேவைப்படாது, மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க. 4 ஸ்கொயர் மீட்டர் சுமார் 70லேர்ந்து 100 ரூபா, 6 ஸ்கொயர் அதுல ஒன்றரை மடங்கு, காப்பர் ரேட்டோட மாறிக்கிட்டே இருக்கும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணும் வேணும்ங்கிறதை மறக்காதீங்க: 15 மீட்டர் தூரம்னா 45 மீட்டர் வயர். எம்சிபி 150லேர்ந்து 300, ஆர்சிசிபி 1500லேர்ந்து 2500, டபுள் போல் ஸ்விட்ச் 200லேர்ந்து 400ன்னு வெச்சிக்கோங்க. கூலியை பாயிண்ட் கணக்கா, நாள் கணக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க, சுவர் கட்டிங்கும் பூச்சும் அதுல சேருதான்னும் கேளுங்க. சேராது, பெரும்பாலும்.

9. வேலை நடக்கிற நாள்

இருக்கிற பைப்புல ஸ்பிரிங் விட்டு இழுக்க முடிஞ்சா, இல்ல சுவத்து மேல கேசிங் அடிச்சா, அரை நாள். சுவரை வெட்டி பைப் பதிச்சா ரெண்டு மூணு நாள், பூச்சு காய்ற வரைக்கும் பெயிண்ட் அடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில மழை ஈரத்துல கட்டிங் வேலை இழுத்துக்கிட்டே போகும், ஆளும் கிடைக்க மாட்டாங்க, புரட்டாசிக்குள்ள முடிச்சிடுங்க.

மாசாந்திர மின்தடை நாள்ல வேலை வெச்சா கரண்ட் பயம் இல்லன்னு நினைக்காதீங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்ல அது ஓடிட்டே இருக்கும். மெயினையும் ஆஃப் பண்ணணும், இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணணும், டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு தான் கை வைக்கணும்.

10. ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி

ஹீட்டரை முழுசா ஓட விட்டு, வயர்மேன் கிட்ட டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கிற மீட்டர்) இருந்தா ஆம்ப்ஸ் அளக்கச் சொல்லுங்க, நீங்க போட்ட கணக்குக்குப் பக்கத்துல வரணும். ஸ்டோரேஜ் கீசர்னா தண்ணி சூடாகி தானா கட் ஆவறதுக்குள்ள அளந்துடணும். கால் மணி நேரம் ஓடினதும் ஆஃப் பண்ணிட்டு ஸ்விட்ச் பிளேட் மேலயும் எம்சிபி முகப்புலயும் புறங்கை வெச்சுப் பாருங்க. இளஞ்சூடுன்னா பரவாயில்ல, கையை எடுக்கிற அளவு சுட்டா ஸ்க்ரூ லூஸா இருக்கும், வயர் வேகுறதை விட இந்த லூஸ் கனெக்ஷன்ல வேகுறது தான் அதிகம். மல்டி ஸ்ட்ராண்ட் வயர் முனைக்கு லக் (முனையில மாட்டுற உலோகக் குப்பி) போட்டு இறுக்கச் சொல்லுங்க, வெறும் கம்பியை முறுக்கி செருகினா நாளடைவுல தளர்ந்துடும்.

ஒரு மாசம் கழிச்சு மெயினை ஆஃப் பண்ணி டிபி, ஸ்விட்ச், ஹீட்டர் டெர்மினல் மூணு இடத்துலயும் ஸ்க்ரூவை திரும்ப ஒரு தடவை இறுக்கணும், இதுக்கும் சேத்து தான் கூலின்னு முதல் நாளே பேசிக்கோங்க. டிபி கதவுக்கு உள் பக்கம் "பாத்ரூம் ஹீட்டர், 6 ஸ்கொயர், 25 ஆம்ப்"னு பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதி, தேதியும் போட்டுடுங்க, அடுத்து வர்ற எலக்ட்ரீசியன் எம்சிபியை மாத்தக் கை வைக்கிறப்போ அது அவர் கண்ணுல படும்.